கல்சியம் இல்லாத ரிங்கர் கரைசலில் தசை சுருங்குகிறது, இதயம் நிற்கிறது. ஏன்?

கிண்ணியா_உயிரியல்
திருகோணமலையில் உயர்தரம் படிக்கிறேன். பயிற்சித் தாளில் வந்த கேள்வி: தவளையின் கெண்டைக்கால் தசையை நரம்போடு எடுத்து, கல்சியம் இல்லாத ரிங்கர் கரைசலில் (உடல் திரவத்தைப் போன்ற உப்புக் கரைசல்) வைக்கிறார்கள். நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையிலேயே மின்வாயை வைத்துத் தூண்டினால் சுருங்குகிறது. அதே கரைசலில் தவளை இதயம் நின்றுவிடுகிறது. மூன்றுக்கும் கல்சியம்தானே வேண்டும்? அதோடு, இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் கைவிரல்கள் இழுத்துக்கொள்ளும் என்றும் பாடத்தில் இருக்கிறது. குறைந்தால் தசை சோர்ந்துபோக வேண்டாமா?

உவர்மலை_ஆசிரியர்
தங்கச்சி, கல்சியம் எங்கிருந்து வருகிறது என்று மூன்றையும் தனித்தனியே பாருங்கள்.

நரம்பு முனைக்கு வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஓய்விலிருக்கும் கலத்துக்குள் சுயாதீன கல்சியம் லீற்றருக்கு ஏறத்தாழ 0.1 மைக்ரோமோல். நம் இரத்தத்தில் 1.2 மில்லிமோல், அதாவது பத்தாயிரம் மடங்குக்கு மேல். தாக்க அழுத்தம் (நரம்பில் ஓடிவரும் மின் துடிப்பு) முனையை அடைந்ததும் கல்சியம் கால்வாய்கள் திறக்கும். அவற்றின் வாயருகே சில பத்து நனோமீற்றருக்குள் மட்டும் செறிவு பத்துக்கணக்கான மைக்ரோமோலுக்கு எகிறும். புடகத்திலுள்ள (முனைக்குள் இருக்கும் நுண்ணிய பை) சினப்ரோரக்மின் புரதம் அதைப் பிடித்ததும் புடகம் மென்சவ்வோடு இணைந்து, தசையைத் தூண்டும் இரசாயனமான அசற்றைல்கோலினை வெளியே கொட்டும். கல்சியம் நுழைந்து 0.2 மில்லிசெக்கன் அளவில் எல்லாம் முடிந்துவிடும். கற்ஸ், மிலெடி என்ற ஆய்வாளர்கள் 1960களில் இதை ஆராய்ந்தது கணவாயின் இராட்சத நரம்பிணைப்பில் (ஆம், நாங்கள் பொரித்துத் தின்னும் கணவாய்தான்). வெளிக் கல்சியம் பாதியானால் வெளியேற்றமும் பாதியாகும் என்று எழுதிவிடாதீர்கள். குறைந்த செறிவுகளில் அது ஏறத்தாழ நான்காம் அடுக்கில் மாறும். பாதியானால் பதினாறில் ஒன்று.

வன்கூட்டுத் தசையின் கல்சியம் உள்ளேயே, தசைமுதலுருச் சிறுவலை என்ற சேமிப்புப் பைகளில் இருக்கிறது. குறுக்குக் குழாய் (இழைக்குள் ஆழமாகப் போகும் மேற்சவ்வின் மடிப்பு) மென்சவ்வில் மின்னழுத்தத்தை உணரும் புரதம் சிறுவலையின் றயனோடின் கால்வாயை நேரடியாகத் தொட்டுத் திறக்கிறது. இதற்கு வெளியிலிருந்து ஒரு கல்சியம் அயனும் நுழையத் தேவையில்லை. வந்த கல்சியம் தசையிழைப் புரதமான துரோப்போனினில் ஒட்ட, வழியை மறைத்திருந்த துரோப்போமயோசின் விலகி, மயோசின் அக்றினைப் பிடித்துத் தசையைச் சுருக்கும். பிறகு ஒரு ஏ.ரீ.பி.க்கு (கலத்தின் சக்தி மூலக்கூறு) இரண்டு கல்சியம் வீதம் சிறுவலைக்குள் திரும்ப ஏற்றப்படும். “வெளியிலிருந்து கல்சியம் நுழைந்து தசை சுருங்கும்” என்று எழுதிப் புள்ளியை இழப்பவர்கள் நிறையப் பேர்.

இதயத்தில் அந்தத் தொடுகை இல்லை. வெளியிலிருந்து நுழையும் கல்சியமே சிறுவலையைத் திறக்கிறது. தவளை இதயத்தில் சிறுவலை சொற்பம், குறுக்குக் குழாய்களும் இல்லை. ஆகவே அது பெரும்பாலும் வெளிக் கல்சியத்திலேயே ஓடுகிறது. கல்சியத்தை எடுத்தால் இதயத்தின் மின் அலை தொடர்ந்து பதிவாகும், துடிப்பு மட்டும் இராது.

உப்புவெளி_ஆய்வுகூடம்
செய்முறைப் பக்கம் கொஞ்சம். தவளை ரிங்கர் ஒரு லீற்றருக்கு: சோடியம் குளோரைட் 6.5 கிராம், பொற்றாசியம் குளோரைட் 0.14, கல்சியம் குளோரைட் 0.12, சோடியம் இருகாபனேற்று 0.2. கல்சியத்தைத் தனியே கரைத்துக் கடைசியாக, கலக்கிக்கொண்டே விடவும். முதலில் போட்டால் காபனேற்றாக வெள்ளை வீழ்படிவு விழும், செறிவும் பிழைத்துவிடும்.

கல்சியம் இல்லாத கரைசலுக்குக் குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் கூடாது. காய்ச்சி வடித்த நீர்தான். லண்டனில் சிட்னி ரிங்கர் 1883இல் கண்டுகொண்டதே இதுதான்: குழாய் நீரில் செய்த கரைசலில் இதயம் துடித்தது, காய்ச்சி வடித்த நீரில் செய்ததில் நின்றது. தசையைப் பழைய கரைசலிலிருந்து எடுத்து அப்படியே போட்டாலும் சரிவராது. இழைகளுக்கிடையே தங்கியிருக்கும் கல்சியம் போகும்வரை இரண்டு மூன்று தடவை கரைசலை மாற்ற வேண்டும். அப்போதும் தசை தானாகத் துடிப்பதுண்டு, ஏனென்றால் கல்சியம் குறையும்போது நரம்பு தானாகச் சுடத் (மின் துடிப்புகளை அனுப்பத்) தொடங்கும். கொஞ்சம் மக்னீசியம் குளோரைட் சேர்த்தால் அடங்கும்.

மூதூர்_தாதி
கைவிரல் இழுப்புக்கான விடை மேலே கடைசி வரிகளில் இருக்கிறது. வெளிக் கல்சியம் குறைந்தால் சோடியம் கால்வாய்கள் வழமையிலும் குறைந்த தூண்டலிலேயே திறக்கும், நரம்பு சும்மா சும்மா சுடும். நோயாளியின் கல்சியம் பூச்சியத்துக்கு இறங்குவதில்லை, 1.2 என்பது 0.8 ஆகலாம். அந்த அளவில் அசற்றைல்கோலின் குறைந்தாலும் தசையைத் தூண்டப் போதும், நரம்பும் தசையும் சந்திக்கும் இடம் தேவைக்கு மேலாகத்தான் கொட்டுகிறது. பதற்றத்தில் வேகமாக மூச்சு விடுபவருக்கும் இதே கதை: இரத்தம் காரமாகி, இரத்தப் புரதமான அல்புமினில் கூடுதல் கல்சியம் ஒட்டிக்கொள்ளும். மொத்த அளவு சரியாகவே காட்டும், அயன் கல்சியம் மட்டும் குறைந்திருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கம் மகப்பேற்று விடுதியில் தெரியும். முன்சூல்வலிப்புக்கு (கர்ப்பிணிக்கு இரத்த அழுத்தம் கூடி வலிப்பு வரக்கூடிய நிலை) மக்னீசியம் சல்பேற்று முதலில் 4 கிராம் மெதுவாக, பிறகு மணிக்கு 1 கிராம். மக்னீசியம் நரம்பு முனையில் கல்சியம் நுழைவதைத் தடுக்கும். அளவு மீறினால் முதலில் முழங்கால் அனிச்சை போகும், அதன் பிறகே மூச்சு. அதனால்தான் சுத்தியலும் சிறுநீர் அளவும் மூச்சு எண்ணிக்கையும் ஒன்றாகப் பார்க்கப்படுகின்றன. மக்னீசியம் வெளியேறுவது சிறுநீரகத்தால். மாற்று மருந்து 10% கல்சியம் குளுக்கோனேற்று 10 மில்லிலீற்றர், நாளத்தில் ஏறத்தாழ 10 நிமிடத்தில். இருகாபனேற்று ஓடும் அதே குழாயில் ஏற்றக்கூடாது, உப்புவெளி சொன்ன வெள்ளை வீழ்படிவு அங்கும் விழும்.

கிண்ணியா_உயிரியல்
நன்றி மிஸ், நன்றி சேர். அப்படியென்றால் மக்னீசியம் கூடிய கரைசலில் தசையை நேரடியாகத் தூண்டினால் சுருங்கும்தானே?

உவர்மலை_ஆசிரியர்
சுருங்கும். வாசல் (தூண்டத் தேவையான குறைந்தபட்ச அளவு) கொஞ்சம் உயர்ந்திருக்கும், மின்னழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டிவரும்.