ஹீரோஸ் 3, ஹீரோஸ் 4: தலைவன் களத்தில் இறங்கியபோது மாறியவை (வேலூர்ப் பக்கத்து அனுபவப் பகிர்வு)

காட்பாடியிலிருந்து:

'ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்' என்ற கணினி விளையாட்டு வரிசையின் மூன்றாம் பாகத்தையும் நான்காம் பாகத்தையும் ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் படங்களின் அழகு, இசை, நகரங்களின் எண்ணிக்கை ஆகியவற்றிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் கண்டவரையில், ஆட்டத்தின் போக்கை மாற்றிய வேறுபாடுகளில் பெரும்பாலானவை ஒரே முடிவிலிருந்து கிளைத்தவை. 1999-இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஹீரோ, அதாவது படையை நடத்தும் தலைவர், படைக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு சுற்றுக்கு ஒரு மந்திரம் மட்டும் ஏவிக்கொண்டிருப்பார். அவரை எவராலும் தொட முடியாது. 2002-இல் வந்த நான்காம் பாகத்தில் அதே ஹீரோ படையோடு படையாகக் களத்தில் இறங்கி, அடித்து, அடிபட்டு, சாகவும் செய்கிறார். இரண்டையும் உருவாக்கியது நியூ வேர்ல்டு கம்ப்யூட்டிங் என்ற ஒரே நிறுவனம்தான் என்றாலும், மூன்றில் ஊறியவர்களுக்கு நான்கு வேறொருவர் செய்த ஆட்டமாகவே தோன்றியது.

காந்தி நகரில் நண்பர் ஒருவரின் வீட்டில், ஒரே கணினியின் முன் நால்வர் அமர்ந்து ஹாட்சீட் முறையில் மூன்றாம் பாகத்தை ஆடிய காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் முறை வரும்போது மற்ற மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த எழுதாத சட்டம். அந்த ஆட்டங்களில் எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தது கிழமையைத்தான். மூன்றில் படைவீரர்கள் வாரத்தின் முதல் நாளில் மொத்தமாகப் பிறப்பார்கள். ஆகவே ஆறாம், ஏழாம் நாள்களில் யாரும் பெரிய சண்டைக்குத் துணியமாட்டார்கள். முதல் நாள் விடிந்ததும் நகரில் சேர்ந்தவர்களை வாங்கி, ஒரு சிறிய ஹீரோவிடம் கொடுத்து, அவர் நடக்க முடிந்த தூரம் நடந்து அடுத்த ஹீரோவிடம் ஒப்படைக்க, அவர் அதற்கடுத்தவரிடம் ஒப்படைக்க, ஒரே நாளில் அந்தப் படை வரைபடத்தின் மறுகோடியில் நிற்கும் முதன்மை ஹீரோவின் கைக்கு வந்துவிடும். விடுதியில் 2500 பொற்காசுக்குக் கிடைக்கும் ஹீரோக்கள் எங்களுக்குப் போர்வீரர்களாக அல்ல, சுமைதூக்கிகளாகவே பயன்பட்டார்கள். ஆட்டத்தின் மாதப் பிறப்பில் அதில் வரும் ஜோதிடர்கள் கொள்ளைநோய் என்று அறிவித்து, நகரங்களில் காத்திருக்கும் படையின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால், அன்றைக்கு வீட்டுக்காரம்மா கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போகும் அளவுக்கு வாக்குவாதம் நடக்கும்.

நான்கில் இந்தக் கணக்கெல்லாம் குலைந்துவிட்டது. படை நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்கிறது. ஆகவே வாரத்தின் முதல் நாளுக்குத் தனி மதிப்பு இல்லை. ஹீரோ இல்லாமலேயே படை நடக்கலாம், சுரங்கத்தைக் கைப்பற்றலாம். நகரிலிருந்து படையை வரவழைக்கக் கேரவன் என்ற ஏற்பாடு இருக்கிறது. அனுப்பிவிட்டு, அது வந்து சேரும் நாளைக் கணக்கிட்டுக்கொண்டால் போதும். சுமைதூக்கி ஹீரோக்களுக்கு வேலையே இல்லை. அந்தத் தொடர்க்கணக்கை ஒரு கலையாகவே பழகியிருந்த எங்களுக்கு இது பெரிய இழப்பாகப்பட்டது. ஆனால் இன்று நடுநிலையாகச் சொல்வதென்றால், ஆட்டத்தில் பாதி நேரத்தைத் தின்றுகொண்டிருந்த வேலை அதுதான்.

பதிலடியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு பாகங்களுக்கும் இடையிலுள்ள உண்மையான பிளவு அங்கேதான் இருக்கிறது. மூன்றில் அடிக்கிறவர் முதலில் அடிப்பார். அந்த அடிக்குப் பிறகு எஞ்சியவர்கள் மட்டுமே திருப்பி அடிப்பார்கள், அதுவும் பெரும்பாலான படைவகைகள் ஒரு சுற்றுக்கு ஒருமுறைதான். ஒவ்வொரு நகரத்துக்கும் தனிப் படைவகைகள் உண்டு; ஸ்ட்ராங்ஹோல்டு நகரத்தை எடுத்து ஆடிய நண்பர் ஒருவர், தம் படையின் ஏழு இடங்களில் இரண்டில், அதன் எளிய வீரரான கோப்ளினை ஒவ்வொன்றாக நிறுத்தி வைத்திருப்பார். எதிரில் மினோட்டார்கள் கூட்டமாக நிற்கும்; இவர் ஒற்றைக் கோப்ளினை அனுப்பி ஒரு தட்டுத் தட்டச் சொல்வார். மினோட்டார்கள் முழு வலிமையோடு திருப்பி அடித்து அந்த ஒரு கோப்ளினைக் கொல்லும்; அதோடு அந்தச் சுற்றுக்கான அவற்றின் பதிலடி தீர்ந்தது. பிறகு ஓகர்களும் பெஹிமத்துகளும் நிதானமாக வந்து, ஒரு கீறல்கூட வாங்காமல் அடித்து முடிப்பார்கள். பதிலடிக்கு வரம்பே இல்லாத, காசில் நகரத்தின் ராயல் கிரிஃபின்களிடம் மட்டும் இந்தத் தந்திரம் செல்லாது. அதனால்தான் எங்கள் கூட்டத்தில் அந்த நகரத்தை எடுப்பதற்குப் போட்டி இருந்தது.

நான்கில் அடியும் பதிலடியும் ஒரே நேரத்தில் விழுகின்றன. முதல் அடிக்கான தனித்திறன் உள்ள சில படைவகைகளைத் தவிர, யார் முந்தினார்கள் என்பதற்குப் பழைய மதிப்பு இல்லை. மேலும், தொலைவிலிருந்து எய்கிறவர்களை எய்தால் அவர்களும் திருப்பி எய்வார்கள். மூன்றில் வேகம்தான் எல்லாம் என்பதால் எர்த் மேஜிக் என்ற மந்திரத் திறனை முற்றக் கற்று, எதிரியின் படை முழுவதையும் ஒரே மந்திரத்தில் மந்தமாக்கிவிட்டுத்தான் எங்கள் சண்டைகள் தொடங்கும். நான்கில் அதே பழக்கத்தோடு இறங்கினால் வெற்றி கிடைத்தாலும் பாதிப் படை மிஞ்சாது. மூன்றைத் திறமையாக ஆடியவர்கள்தாம் நான்கை அதிகமாக வெறுத்தார்கள் என்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆற்காட்டிலிருந்து:

காட்பாடி அண்ணன் எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் நான் முதலில் தொட்டது நான்காம் பாகத்தைத்தான். மூன்றைப் பின்னாளில் ஆடினேன். ஆகவே எனக்கு ஏமாற்றம் எதிர்த்திசையில் வந்தது. மூன்றில் என் ஹீரோ முப்பதாம் நிலையை எட்டிய பிறகும், பத்துப் பேர் கொண்ட கூட்டத்தைக்கூடத் தன் கையால் தொடாமல், ஓரத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது எனக்கு விளங்கவே இல்லை.

நான்கில் ஸ்ட்ராங்ஹோல்டு நகரத்துக்கு மந்திரமே கிடையாது. உடல் வலிமைதான் அதன் மூலதனம். அங்கே ஒரு பார்பேரியன் ஹீரோவை எடுத்து, நிலை உயரும்போதெல்லாம் காம்பாட் என்ற சண்டைத் திறனையும் அதன் கிளைத்திறன்களையும் மட்டுமே வளர்த்தேன். நான்கில் ஒரு திறனுக்கு ஐந்து படிகள் உண்டு. மூன்றாம் பாகத்தில் மூன்று படிகளோடு முடிந்துவிடும். திறன்கள் சேரும் விதத்தைப் பொறுத்து ஹீரோவின் வகுப்பே மாறி, புதிய சலுகையும் கிடைக்கும். ஒரு கட்டத்தில், கருப்பு டிராகன்கள் காவல் காத்த ஒரு பொக்கிஷத்தின் முன் என் ஹீரோவைத் தனியாக நிறுத்தினேன். சாகாவரப் பானத்தை அருந்திவிட்டு அவர் இறங்கினார். முதல் சுற்றுகளில் அடி வாங்கியே விழுந்தார், பானத்தின் வலிமையால் அங்கேயே எழுந்தார், மீண்டும் அடித்தார். உடன் ஒரு கோப்ளின்கூட இல்லை. அந்தச் சண்டை முடிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மூன்றாம் பாகத்தின் எந்த வெற்றியும் தந்ததில்லை.

அதே பாகம் அந்த மகிழ்ச்சிக்கு விலையும் கேட்கும். வேறொரு வரைபடத்தில், பிரிசர்வ் நகரத்து இளம் ஹீரோயின் ஒருத்தியை நடுவரிசையில் வைத்து நடத்திக்கொண்டிருந்தேன். எதிரில் வெனம் ஸ்பான்கள். அவை தொலைவிலிருந்து நஞ்சை உமிழ்பவை. அவை என் யூனிகார்ன்களையும் புலிகளையும் விட்டுவிட்டு நேராக அவளைக் குறிவைத்தன. இரண்டாம் சுற்று தொடங்கும்போது அவள் நின்ற இடத்தில் ஒரு கல்லறைக்கல் நின்றது. படை வென்றது, ஆனால் தலைவி இல்லை. இறந்த ஹீரோ படையில் ஓரிடத்தை அடைத்துக்கொண்டே உடன் வருவார். அனுபவப் புள்ளிகள் அவருக்குச் சேரா. நகருக்கோ சரணாலயத்துக்கோ கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் உயிர் திரும்பும். படை முழுவதும் தோற்றுவிட்டாலோ, ஹீரோவை எதிரி சிறைபிடித்துத் தன் நகரில் வைத்துக்கொள்வான். அந்த நகரைப் பிடித்து மீட்க வேண்டும். மூன்றில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் பின்வாங்கினால், அதே ஹீரோவை விடுதியில் மீண்டும் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். அங்கே இழப்பு என்பது படைக்குத்தான். நான்கில் அது ஒரு பெயருக்கும் முகத்துக்கும் நேர்கிறது.

நகரங்களைப் பற்றியும் ஒரு சொல். மூன்றில் எட்டு நகரங்கள், ஒவ்வொன்றிலும் படைவகைகளுக்கு ஏழு படிநிலைகள், ஒவ்வொரு படைவகைக்கும் ஒரு மேம்பட்ட வடிவம். பிறகு வந்த 'ஆர்மகெடான்ஸ் பிளேடு' விரிவாக்கம் ஒன்பதாவதாகக் கான்ஃப்ளக்ஸ் நகரத்தைச் சேர்த்தது. நான்கில் ஆறு நகரங்கள்தாம், படிநிலைகள் நான்குதாம், மேம்படுத்தல் என்பதே இல்லை. மாறாக இரண்டாம் படியிலிருந்து ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஹேவன் நகரத்தின் உச்சியில் ஏஞ்சலைக் கட்டினால் சாம்பியன் கிடையாது. கடைசிவரை 'அதை எடுத்திருக்கலாமோ' என்ற எண்ணம் கூடவே வரும். இதை வறுமை என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. நெக்ரோபோலிஸில் மட்டும் இந்தத் தேர்வு வெறும் பெயருக்குத்தான். அங்கே வேம்பயரை விட்டுவிட்டு வெனம் ஸ்பானை எடுக்கும் மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

குடியாத்தத்திலிருந்து:

முற்றுகையைப் பற்றி இருவருமே எழுதவில்லை என்பதால் சுருக்கமாகச் சேர்க்கிறேன். வேலூர்க் கோட்டையின் அகழியைப் பேருந்திலிருந்து பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, மூன்றாம் பாகத்தின் முற்றுகை உடனே பிடிபடும்: அகழிக்குள் கால் வைத்த படை அந்த முறைக்கு அங்கேயே நின்றுவிடும், சேதமும் அடையும்; வெளியில் நிற்கிறவரின் கவண்பொறி சுவரைச் சிறிது சிறிதாக உடைக்கும்; பறக்கும் படை உள்ளவர் அது உடையும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நான்கில் கவண்பொறி உடன் வருவதில்லை. படைகளே வாயிலை இடித்துத் திறக்க வேண்டும். உள்ளிருக்கும் வில்லாளிகளைக் கோபுரங்களில் ஏற்றி நிறுத்தலாம். தடைகளும் சுவர்களும் எய்கிறவர்களின் பார்வையை மறைக்கும் என்பதால், எங்கே யாரை நிறுத்துவது என்பதே பாதி வெற்றி. எண்ணம் நல்லது, ஆனால் சாய்கோணத்தில் அமைந்த அந்தக் களத்தில், எந்தப் படை எதற்குப் பின்னால் நிற்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்குப் பொறுமை தேவைப்பட்டது. மூன்றாம் பாகத்தின் அறுகோணக் கட்டங்களில் ஒரு பார்வையிலேயே தூரம் தெரிந்துவிடும். தெளிவு என்ற ஒன்றில் மட்டும் மூன்றை நான்கு நெருங்கவில்லை என்பது என் முடிவு.

மீண்டும் காட்பாடியிலிருந்து:

ஆற்காட்டுத் தம்பியின் பார்பேரியன் கதையே என் மறுப்புக்கும் சான்று. ஒரு ஹீரோ தனியாகக் கருப்பு டிராகன்களை வெல்ல முடியும் என்றால், நகரத்தில் பாடுபட்டுப் படை சேர்ப்பது எதற்கு? மூன்றிலும் அத்துமீறல் உண்டு என்பதை மறைக்கவில்லை. எந்த மந்திரமும் தீண்டாத கருப்பு டிராகன்களை மட்டும் படையில் வைத்துக்கொண்டு, களம் முழுவதையும் எரிக்கும் ஆர்மகெடான் மந்திரத்தைச் சுற்றுக்குச் சுற்று ஏவுகிறவரை எங்கள் கூட்டத்தில் யாரும் மன்னித்ததில்லை. ஆனால் அந்த நிலைக்கு வருவதற்கே அவர் அந்த டிராகன்கள் கிடைக்கும் டஞ்சன் நகரத்தை முழுதாக எழுப்பி, கந்தகத்தைத் தேடி அலைந்து, அந்த மந்திரம் கிடைக்கும் இடத்தையும் கண்டுபிடித்திருக்க வேண்டும். அதற்குள் அவரைத் தடுக்க மற்ற மூவருக்கும் வாய்ப்பு இருந்தது.

அந்த 'மற்ற மூவர்' என்பதுதான் எங்களைப் பொறுத்தவரை தீர்ப்பை எழுதியது. பலர் சேர்ந்து ஆடும் வசதி இல்லாமலேயே நான்காம் பாகம் கடைக்கு வந்தது; அது பின்னர்தான் சேர்க்கப்பட்டது. மின்வெட்டு மிகுந்திருந்த கோடைகளில்கூட நாங்கள் மூன்றை விடவில்லை. நடுச்சண்டையில் மின்சாரம் போனால், ஆட்டோசேவ் அந்த நாளின் தொடக்கத்துக்கே கொண்டுபோய்விடும். தோற்றுக்கொண்டிருந்தவர் முகம் மலரும். வென்றுகொண்டிருந்தவர், 'அதே சண்டையை அதே இடத்தில்தான் மீண்டும் போட வேண்டும்' என்று இருட்டிலேயே வாக்குறுதி வாங்கிக்கொள்வார். தனியாக ஆடுகிறவர்களுக்கு நான்கில் உள்ள கதைகளும் ஹீரோக்களும் போதுமானவையாக இருந்திருக்கலாம். நால்வர் ஒரு திரையின் முன் அமர்ந்தால் எடுப்பது மூன்றுதான்.

மூன்றாம் பாகத்துக்கு ரசிகர்களே உருவாக்கிய 'ஹார்ன் ஆஃப் தி அபிஸ்' என்ற விரிவாக்கத்தையும் இப்போது பலர் ஆடுகிறார்கள். கடற்கொள்ளையர்களின் கோவ், இயந்திரங்கள் நிறைந்த ஃபேக்டரி என்று புதிய நகரங்களையே அவர்கள் சேர்த்துவிட்டார்கள். ஆனால் ஹீரோவை மட்டும் களத்தில் இறக்கவில்லை.