பிக்கப் வண்டியில் டீசல் கசிவு: இன்ஜினுக்குப் பின்னால் சொட்டுகிறது, கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டுமா?

கேட்பவர்: சுமைவண்டி

நான்கு சிலிண்டர் காமன் ரெயில் டீசல் பிக்கப் (ரெயில் என்னும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் வகை). இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் சொட்டுகிறது. ஓட்டி வந்து நிறுத்தினால் அதிகம், ஆறிய பிறகு குறைவு. கேபினுக்குள்ளும் டீசல் வாடை. காலையில் முதல் தடவை செல்ஃப் நெடுநேரம் அடிக்க வேண்டியிருக்கிறது. அதன்பின் நாள் முழுவதும் தொல்லையில்லை. பட்டறைக்காரர் மேலே எட்டிக்கூடப் பார்க்காமல், "கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்கிறார். இறக்குவதற்கு முன் வேறு என்ன பார்க்கலாம்?

பதில்: பழைய ஸ்பேனர்

கியர்பாக்ஸை விட்டுவிடுங்கள். பின்பக்க சீல் ஒழுகினால் வருவது இன்ஜின் ஆயில். டீசல் வருவதற்கு அங்கே வழியே இல்லை. சொட்டு விழும் இடத்தில் வெள்ளைக் காகிதம் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஆயில் கறுத்து, பிசுபிசுப்பாக விழுந்த இடத்திலேயே நிற்கும். டீசல் மெல்லிய வளையமாகப் படர்ந்துகொண்டே போகும். மிச்சத்தை மூக்கு சொல்லிவிடும்.

டீசல்தான் என்றால் ஊற்று மேலே இருக்கிறது. இன்ஜின் பெரும்பாலும் சற்றுப் பின்சாய்வாகவே பொருத்தப்பட்டிருக்கும். இன்ஜின் தலையில் கசிவது பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கூடான பெல் ஹவுசிங்கின் கீழ் விளிம்பில் வந்து தொங்கும். அதைப் பார்த்துப் பின்பக்க சீல் என்று முடிவு கட்டுவது பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது.

ஆயில் மட்டம் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி டீசல் வாடை அடித்தால் கசிவு உள்ளேயும் இருக்கிறது என்று பொருள்: ஹை பிரஷர் பம்பின் ஷாஃப்ட் சீலோ, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரோ. அப்படியானால் வண்டியை எடுக்கவே வேண்டாம். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

பதில்: நீலச்சட்டை

தேட இறங்குவதற்கு முன் ஒன்று. இன்ஜின் ஓடும்போது ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அங்கே அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து வரும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியது போல ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இராது. ஆனால் உள்ளே திசு அழுகிக்கொண்டிருக்கும். அப்படி நேர்ந்தால் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் ஏறியது என்று சொல்ல வேண்டும். சோதிக்க, குழாயருகே நீட்டிப் பிடிக்க நீளமான அட்டைத் துண்டு போதும்.

ஓடும் இன்ஜினில் அந்த நட்டுகளைத் தளர்த்தவும் கூடாது. பழைய இன்ஜின்களில் அப்படி ஏர் எடுத்தவர்கள் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றியவர்கள்) இதிலும் கைவைக்கிறார்கள்.

பதில்: பழைய ஸ்பேனர்

நீலச்சட்டை சொன்னது சரி. இனித் தேடும் முறை. ஆறிய இன்ஜினைக் கிரீஸ் நீக்கியால் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் முகப்பவுடரை லேசாகத் தூவி, சற்று நேரம் ஓடவிட்டு அணைத்துவிட்டுப் பாருங்கள். ஈரம் எங்கே முதலில் தெரிகிறதோ அதுதான் இடம். தாமதித்தால் பவுடர் முழுவதும் ஊறி, எதுவும் புரியாது.

முதலில் பார்க்க வேண்டியது இன்ஜெக்டர்களின் தலைமேல் ஓடும், மிஞ்சிய டீசலைத் திருப்பிக் கொண்டுபோகும் ரிட்டர்ன் ஹோஸ். துணி பின்னிய மெல்லிய குழாய். கடைசி சிலிண்டரின் மேல் துணி கறுத்திருக்கிறதா? அடுத்து ஃபில்டரிலும் பம்பிலும் உள்ள துளை போல்ட்டுகளின் காப்பர் வாஷர்கள். இவை கசிந்தால் இன்னும் முறுக்காதீர்கள், போல்ட் முறிந்துவிடும். வாஷரை மாற்றுவதே வழி.

பதில்: சுமைவண்டி

ஆயில் மட்டம் சரியாக இருக்கிறது. காகிதத்தில் வளையம் படர்ந்தது, டீசல்தான். கடைசி இன்ஜெக்டரின் மேல் ரிட்டர்ன் ஹோஸ் வெடித்திருந்தது. வளைத்தால் பிளவு வாய் திறக்கிறது. நான்கு ஹோஸ் துண்டுகளையும் மாற்றியாயிற்று, சொட்டு நின்றுவிட்டது. ஆனால் காலைத் தொல்லை அப்படியே இருக்கிறது.

பதில்: நீலச்சட்டை

அது வேறு நோய். டாங்கில் மின் பம்ப் இல்லாத வண்டி என்றால், டாங்கிலிருந்து பம்ப் வரை குழாய் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் ஓடும்போது டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இரவில் நிற்கும்போது டீசல் டாங்குக்குத் திரும்பிவிடும். காலையில் செல்ஃப் அடிப்பதெல்லாம் அதை மறுபடி மேலே இழுக்கத்தான். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே டீசல் தாங்கும் கண்ணாடி போன்ற குழாய்த்துண்டைத் தற்காலிகமாக மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் ஓடினால் ஃபில்டரிலிருந்து டாங்கை நோக்கித் தேடுங்கள். ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றினார்கள்?

பதில்: சுமைவண்டி

அண்மையில்தான், அதே பட்டறையில். குழாயில் குமிழிகள் வரிசையாக ஓடின. ஃபில்டரைக் கழற்றினால் பழைய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மேலேயே ஒட்டியிருக்கிறது, புதியது அதன்மேல் கோணலாக உட்கார்ந்திருக்கிறது! பழையதைப் பிய்த்தெறிந்து, புதியதற்கு டீசல் தடவி மாட்டி, கைப்பம்பால் ஏர் எடுத்தேன். மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் எழுந்துகொண்டது.

பதில்: பழைய ஸ்பேனர்

நல்லது. டீசல் வழிந்த பாதையில் இருந்த ரேடியேட்டர் ஹோஸையும் இன்ஜின் மவுண்ட் ரப்பரையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஊறி உப்பி மெத்தென்று இருந்தால் அவற்றையும் மாற்றிவிடுங்கள்.