கரண்ட், கேஸ் கணக்கில் தேங்கிய காசைத் திரும்ப வாங்கிய கதைகள்: லண்டன் தமிழர்கள் எழுதியவை

ஹாரோவிலிருந்து

2024 ஏப்ரலில் வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் பாதியாகக் குறைந்தது. எந்தச் செலவை வெட்டலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வங்கிக் கணக்கை வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரண்டுக்கும் கேஸுக்கும் சேர்த்து மாதம் 165 பவுண்ட் டைரக்ட் டெபிட்டில், அதாவது கம்பெனியே வங்கியிலிருந்து தானாக எடுத்துக்கொள்கிற முறையில், போய்க்கொண்டிருந்தது. கம்பெனியின் ஆப்பைத் திறந்தால் மேலேயே 612 பவுண்ட் 40 பென்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. இவ்வளவு பாக்கி வைத்திருக்கிறோமா என்று நெஞ்சு படபடத்துவிட்டது. மகள்தான் எட்டிப் பார்த்து, "அம்மா, இது நாம கொடுக்க வேண்டியது இல்லை, அவங்க நமக்குக் கொடுக்க வேண்டியது. பக்கத்துல கிரெடிட்னு போட்டிருக்கு பாருங்க" என்றாள்.

அது எப்படிச் சேர்ந்தது என்று பழைய பில்களை எடுத்துப் பார்த்தோம். 2022 அக்டோபரில் விலை ஏறியபோது 94 பவுண்டாக இருந்த மாதத் தொகையை 165 ஆக்கியிருக்கிறார்கள். அந்தக் குளிர்காலத்தில் அரசாங்கம் வீட்டுக்கு 400 பவுண்ட் கொடுத்தது நினைவிருக்கும்: அக்டோபர், நவம்பரில் 66, அடுத்த நான்கு மாதமும் 67. எங்களுக்கு அது வங்கிக்கு வராமல் இந்தக் கணக்கிலேயே விழுந்திருந்தது. அப்புறம் 2023 ஜூலையில் யூனிட் விலை இறங்கியது. எங்கள் 165 மட்டும் இறங்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை போன் போட்டேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பதில், "குளிர்காலத்துக்கு இந்தப் பணம் தேவைப்படும், இப்போது 150 தருகிறோம், மீதி கணக்கிலேயே இருக்கட்டும்" என்பதுதான். குளிர்காலம் இப்போதுதானே முடிந்தது, அடுத்தது வருவதற்குள் இன்னும் ஆறு ஏழு மாதம் கட்டப்போகிறேனே என்று கேட்டேன். கணினி அப்படித்தான் சொல்கிறது என்றார். அப்போதுதான் இன்னொன்றையும் சொன்னார். நவம்பரிலிருந்து எங்கள் பில் எல்லாமே மதிப்பீட்டில் போட்டதாம், உண்மையான ரீடிங்கே அவர்களிடம் இல்லையாம். எங்கள் ஸ்மார்ட் மீட்டர் முதல் தலைமுறையைச் சேர்ந்தது. அதிலிருந்து ரீடிங் போவது எப்போதோ நின்றுவிட்டது, எங்களுக்குத் தெரியவே இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பில்லில் ரீடிங்குக்குப் பக்கத்தில் அது உண்மையா மதிப்பீடா என்று போட்டிருப்பார்கள். மதிப்பீடு என்று இருந்தால், அந்த 612-ம் மதிப்பீடுதான். நம் கையில் உண்மையான எண் இல்லாமல் பேசினால் பேச்சு அவர்கள் பக்கம்தான் போகும்.

மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலமாரியில் வாக்குவம் கிளீனரையும் பழைய காலணிகளையும் வெளியே எடுத்துவைத்துவிட்டு, டார்ச் அடித்து இரண்டு மீட்டரையும் படம் எடுத்தேன். புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணைச் சேர்க்கக் கூடாது, முழு எண் மட்டும்தான். அன்று இரவே ஆப்பில் ரீடிங் போட்டேன். புது பில் வந்தது. கேஸ் அவர்கள் நினைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகப் போயிருந்தது, கிரெடிட் 571 ஆகக் குறைந்தது. குறைந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. இனி யாரும் மறுக்க முடியாத 571 அது.

அப்புறம் ஒரு வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று நானே கணக்குப் போட்டேன். கரண்ட் 2,140 யூனிட், கேஸ் 8,300 யூனிட் (யூனிட் என்றால் பில்லில் kWh என்று போட்டிருப்பது). அந்த யூனிட்டை அன்றைய விலையால் பெருக்கி, தினமும் போடுகிற ஸ்டாண்டிங் சார்ஜை 365 நாளுக்குச் சேர்த்தால் சுமார் 1,360 பவுண்ட் வந்தது. மாதத்துக்கு 113 சொச்சம். நாங்கள் கட்டியது 165.

இந்தமுறை போன் இல்லை, மெயில். எழுதியது அவ்வளவுதான்: இந்தத் தேதியில் இந்த ரீடிங், படம் இணைத்திருக்கிறேன், கணக்கில் 571 இருக்கிறது, முழுவதையும் வங்கிக்குத் திருப்பி அனுப்புங்கள், மாதத் தொகையை என் உண்மையான பயன்பாட்டை வைத்து மறுபடி கணக்கிடுங்கள், தர முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். கரண்ட், கேஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான ஆஃப்ஜெம் இவர்களுக்குக் கொடுக்கிற உரிமத்திலேயே இது இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்டால் கிரெடிட்டைத் திருப்பித் தர வேண்டும், நியாயமான காரணம் இருந்தால் மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம், அந்தக் காரணத்தை விளக்கவும் வேண்டும். மாதத் தொகையையும் கையில் இருக்கிற சரியான தகவலை வைத்துத்தான் நிர்ணயிக்க வேண்டும்.

எட்டாவது நாள் பணம் வங்கியில் இருந்தது. மாதத் தொகை 120 ஆனது. அந்த மாத வாடகையை யாரிடமும் கடன் கேட்காமல் கட்டினோம். அது எங்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை, அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

குரோய்டனிலிருந்து

அக்கா, எனக்கு நடந்தது கம்பெனி மாறும்போது. 2025 தொடக்கத்தில் வேறு சப்ளையருக்கு மாறினேன். பழைய கணக்கில் 238 பவுண்ட் மிச்சம். மாறிய அன்றே பழைய டைரக்ட் டெபிட்டை வங்கியில் நிறுத்திவிட்டேன், இன்னொரு மாதம் எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில். அதைச் செய்யாதீர்கள். மிச்சப் பணத்தை அவர்கள் அந்த வழியாகத்தான் திருப்பி அனுப்புவார்கள். அது அறுந்துவிட்டால் செக் அனுப்புகிறோம், வங்கி விவரம் கொடுங்கள், அடையாளம் சரிபார்க்க வேண்டும் என்று இழுக்கும். இறுதி பில் வந்து கணக்குத் தீர்ந்த பிறகு நிறுத்தினால் போதும். இடையில் தப்பாக எடுத்தால் டைரக்ட் டெபிட் உத்தரவாதப்படி வங்கியே திருப்பித் தரும்.

மாறிய நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் இறுதி பில் வர வேண்டும். அதற்குப் பிறகு பத்து வேலை நாளுக்குள் கிரெடிட் வர வேண்டும். எனக்கு பில்லே ஒன்பதாவது வாரம்தான் வந்தது. தாமதத்துக்கு இழப்பீடு உண்டு: முன்பு 30 பவுண்டாக இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து 40. கேட்காமலே போட வேண்டிய பணம் அது. எனக்குக் கேட்ட பிறகுதான் வந்தது.

மிட்சமிலிருந்து

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். தனியாக இருந்த வீடு. கரண்ட், கேஸ் எல்லாம் அவர் பெயரில். எல்லோருக்கும் அறிவித்தது போல இந்தக் கம்பெனிக்கும் அறிவித்தேன். ஆறு வாரம் கழித்து ஒரு உறை வந்தது. உள்ளே அப்பா பெயருக்கு எழுதிய 186 பவுண்ட் செக். அப்பாவின் வங்கிக் கணக்கை அதற்குள் மூடியாயிற்று. என் கணக்கில் போடப் போனால், பெயர் வேறு என்று வங்கியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த செக்கைக் கையில் வைத்துக்கொண்டு காரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பொது எண்ணுக்குக் கூப்பிட்டு ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னது தான் பெரிய வேதனை. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமே பேச வேண்டும் என்று ஒருவர் சொன்னார். மூன்றாவது முறைதான் ஒருவர், இதற்கென்றே இறந்தவர்களின் குடும்பத்துக்கு உதவும் தனிப் பிரிவு இருக்கிறது என்று அங்கே மாற்றிவிட்டார். முதலிலேயே அந்தப் பிரிவைக் கேளுங்கள். மரணச் சான்றிதழ் நகல், உயிலில் என்னை நிறைவேற்றுநராகப் போட்டிருக்கிற பக்கம், இரண்டையும் மெயிலில் அனுப்பினேன். பழைய செக்கை ரத்து செய்துவிட்டு என் பெயருக்குப் புதியது அனுப்பினார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது தொகையைப் பற்றி. 186 சரியா என்று எனக்குச் சந்தேகம். அப்பா தவறிய பிறகு வீடு பூட்டிக் கிடந்தது, ஹீட்டிங் நிறுத்தியாயிற்று. அந்த மாதங்களுக்கும் போன வருடத்தைப் பார்த்து மதிப்பீடு போட்டிருந்தார்கள். அப்பாவிடம் ஒரு நோட்டு இருந்தது. மீட்டர் பெட்டிக்கு மேலேயே, ஒரு பேனாவை நூலில் கட்டி. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, கரண்ட் எண், கேஸ் எண். சில வரிகளுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் காரணமும் எழுதியிருக்கிறார். ஒரு டிசம்பரில் கேஸ் எண் எகிறியிருக்கிறது, பக்கத்தில் "பிள்ளைகள் வந்து நின்றார்கள்" என்று இருக்கிறது. கடைசி வரி அவர் ஆஸ்பத்திரிக்குப் போன மாதத்தின் முதல் தேதி.

அந்தப் பக்கத்தையும், நான் வீட்டை ஒப்படைத்தபோது எடுத்த மீட்டர் படத்தையும் அனுப்பினேன். இறுதி பில்லைத் திருத்தி இன்னும் 94 பவுண்ட் அனுப்பினார்கள். நோட்டு இப்போது என் வீட்டில் இருக்கிறது.

ஹாரோவிலிருந்து

தம்பி, படித்துவிட்டு மகளிடமும் வாசித்துக் காட்டினேன். அப்பாவின் ஆன்மா சாந்தியடையட்டும்.

இல்ஃபோர்டிலிருந்து

எங்களுடையது கேஸ் மீட்டர் கதை. பழைய மீட்டரை எடுத்துவிட்டுப் புது மீட்டர் போட்டார்கள். அடுத்த பில்லிலிருந்து கேஸ் மட்டும் ஏறக்குறைய மூன்று மடங்கு. பாய்லர் பழுதோ, எங்கேயாவது கசிகிறதோ என்று ஆள் கூப்பிட்டுப் பார்த்தோம். பிள்ளைகளைக் கம்பளிச் சட்டையோடு படுக்க வைத்தோம். பில் குறையவே இல்லை.

பிறகு ஒரு நண்பர் வந்து மீட்டரின் முகப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார். பழைய மீட்டர் நூறு நூறு கன அடியாக அளப்பது. புதியது கன மீட்டரில் அளப்பது. கன அடி மீட்டராக இருந்தால் பில் போடும்போது ரீடிங்கை 2.83-ஆல் பெருக்கிக் கன மீட்டராக மாற்றுவார்கள். எங்கள் கணக்கில் மீட்டர் வகையை மாற்றாமல் விட்டதால் ஏற்கனவே கன மீட்டரில் இருந்த எண்ணை மறுபடி 2.83-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். 14 மாதம்! உங்கள் பில்லையும் மீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை.

புகார் கொடுத்தோம். முதலில் மறுத்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டு 1,180 பவுண்டைக் கணக்கிலேயே கிரெடிட்டாகப் போட்டார்கள். கையில் தர மனமில்லை, இனி வரும் பில்லில் கழியும் என்றார்கள். அதற்குள் கிரெடிட் கார்டில் கடன் வாங்கி பில் கட்டியிருந்தோம், வட்டி ஓடிக்கொண்டிருந்தது. புகார் கொடுத்து எட்டு வாரமாகியும் தீரவில்லை என்றால், இந்தக் கம்பெனிகள் மீதான புகாரை நடுநிலையாக விசாரிக்கிற எனர்ஜி ஓம்பட்ஸ்மனிடம் போகலாம், நமக்குச் செலவில்லை. அதற்கு முன்பே 'இனி எங்களால் முடியாது' என்று அவர்கள் கடிதம் கொடுத்துவிட்டால் அப்போதே போகலாம். புகார் கொடுத்த முதல் நாளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எட்டு வாரம் அங்கிருந்துதான் எண்ணப்படும். நாங்கள் மீட்டர் படம், இரண்டு பில், மெயில்கள், போன் பேசிய தேதி எல்லாம் ஏற்றினோம். முழுத் தொகையையும் வங்கிக்கு அனுப்ப வேண்டும், மன்னிப்புக் கடிதம் தர வேண்டும் என்று முடிவு வந்தது. நாம் ஏற்றுக்கொண்டால் அந்த முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும்.

எப்படி எழுதுவது என்று தெரியாமல் தவித்தபோது, இலவசமாக ஆலோசனை தருகிற தொண்டு நிறுவனமான சிட்டிசன்ஸ் அட்வைஸில்தான் உதவினார்கள். ஆங்கிலம் தயக்கமாக இருக்கிறவர்கள் அங்கே போங்கள்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து

ஒரு எச்சரிக்கை மட்டும். உங்களுக்கு எனர்ஜி ரீஃபண்ட் வந்திருக்கிறது, இந்த இணைப்பைத் தட்டி வங்கி விவரம் கொடுங்கள் என்று மெசேஜ் வந்தால் தொடாதீர்கள். என் மாமியார் கார்டு எண் வரைக்கும் போட்டுவிட்டார், நல்ல வேளையாக வங்கி பிடித்து நிறுத்தியது. ஆஃப்ஜெம் யாரிடமும் வங்கி விவரம் கேட்காது.

வெம்பிளியிலிருந்து

அக்கா, நான் மாதம் 70 கட்டுகிறேன், செப்டம்பர் பில்லில் 140 கிரெடிட் காட்டுகிறது. இப்போதே கேட்கலாமா?

ஹாரோவிலிருந்து

இப்போது வேண்டாம் தம்பி. கோடையில் ஹீட்டிங் போடாமல் கட்டியதெல்லாம் அப்படித்தான் சேர்ந்து நிற்கும், டிசம்பர், ஜனவரி பில் அதைத் தின்றுவிடும். இன்று எடுத்துவிட்டால் பிப்ரவரியில் கடனில் நிற்பீர்கள். இரண்டு மாதத் தொகை செப்டம்பரில் இருப்பது சரியான அளவுதான். மார்ச் கடைசியில் ரீடிங் எடுத்துப் போடுங்கள். அப்போதும் 140 அப்படியே இருந்தால் கேளுங்கள், மாதத் தொகையையும் குறைக்கச் சொல்லுங்கள். இப்போது மீட்டர் மட்டும் பார்த்துவிடுங்கள், அந்த 140 ரீடிங்கை வைத்துப் போட்டதா மதிப்பீடா?

வெம்பிளியிலிருந்து

பார்த்தேன் அக்கா. மதிப்பீடுதான், மே மாதத்திலிருந்து. மீட்டர் பொது வராந்தாவில் பூட்டின பெட்டிக்குள் இருக்கிறது, சாவி வீட்டு உரிமையாளரிடம். நாளைக்குக் கேட்டு வாங்குகிறேன்.