கிழட்டுக் குதிரைய என்ன செய்யுறது? இறைச்சிக்கா, ஊசிக்கா, ரோட்டுக்கா?

லீக்ஸ்பாத்தி:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு நுவரெலியாவுக்குப் பக்கத்துல மீப்பிலிமானை. மூணு கிழமையா எங்க வேலிக்கிட்ட ஒரு மட்டக்குதிரை நிக்குது. விலா எலும்ப எண்ணலாம். முன்னங்கால் குளம்பு ரெண்டும் வளர்ந்து, பழைய செருப்பு மாதிரி மேல வளைஞ்சிருக்கு. முதுகுல சேணம் தேய்ச்ச தழும்பு. அப்போ ஒரு காலத்துல கிரகரி வாவிக் கரையில பிள்ளைகள ஏத்திக்கிட்டு நடந்ததாத்தான் இருக்கணும்.

ரெண்டு பாத்தி லீக்ஸ் போச்சு. அது போகட்டும். யாரு குதிரைன்னு டவுன் வரைக்கும் கேட்டுட்டேன். கைய விரிக்கிறாங்க. நேத்து மரக்கறி லொறியில வந்த ஒருத்தர் சொல்றாரு, "யாருக்காவது இறைச்சிக்குக் குடுத்துருங்க, உங்களுக்கும் நிம்மதி, அதுக்கும் நிம்மதி"ன்னு. அதக் கேட்டதுல இருந்து வீட்டுக்காரி முகம் குடுத்துப் பேசல, தேத்தண்ணில சீனியும் இல்ல.

எனக்கு உண்மையிலேயே தெரியல. ஆடு மாட்ட வெட்டுறோம், குதிரைன்னா மட்டும் ஏன் நெஞ்சு பதறுது? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மலைமுகில்:
இதக் கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு அண்ணே. ஐயனாருக்குக் குதிரை செஞ்சு வச்சுக் கும்புடுற சனம் நாம. முதுகுல ஏறி போட்டோ எடுத்துட்டு, வயசானதும் கசாப்புக்கா?

நேர்வழி:
மண்குதிரைக்குப் படையல், உயிர்க்குதிரைக்குப் பட்டினி. அதுவும் நம்ம பண்பாடுதானே.

கோவிக்காதீங்க மலைமுகில், கணக்கப் பார்ப்போம். குதிரை ஒரு நாளைக்குத் தன்னோட எடையில நூத்துக்கு 2 பங்கு தீனி தின்னும். 250 கிலோ மட்டக்குதிரைன்னா 5 கிலோ காய்ஞ்ச புல்லு, ஒவ்வொரு நாளும். ஆறேழு கிழமைக்கு ஒருக்கா குளம்பு வெட்டணும், பல்ல ராவணும். ஆயுசு 25, 30 வருஷம். பந்தயத்துல ஓடுறது அதுல சில வருஷம்தான். மிச்சத்துக்கு யாரு தீனி போடுறது?

அமெரிக்காவுல இதே பாசத்தாலதான் 2007ல இலினோய், டெக்சாஸ்ல இருந்த கடைசி மூணு குதிரைக் கசாப்புக் கூடத்தையும் மூட வச்சாங்க. நடந்தது என்ன? காங்கிரசுக்கான கணக்காய்வு அலுவலகம் 2011ல அறிக்கை குடுத்துச்சு. 2010ல மட்டும் 1 லட்சத்து 38 ஆயிரம் குதிரை வெட்டுறதுக்காகவே கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் போயிருக்கு. கூடம் மூட முந்தி ஒரு வருஷத்துல வெட்டுப்பட்ட அமெரிக்கக் குதிரையும் மொத்தத்துல கிட்டத்தட்ட அவ்வளவுதான். மலிவுக் குதிரைக்கு விலை விழுந்துச்சு, தீனி போடாம விட்டது, ரோட்டுல விட்டது கூடிச்சு. ஒரு குதிரையும் தப்பல. சாகுறதுக்கு முந்தி லொறியில நிக்கிற தூரம்தான் கூடிச்சு.

லீக்ஸ்பாத்தி அண்ணன் வேலிக்கிட்ட நிக்குறதும் அந்த லொறிப் பயணம்தான். என்ன, லொறி இல்ல.

பேராதனை_மாணவி:
மிருக வைத்தியம் மூணாம் வருஷம் படிக்கிறேன். நேர்வழி அண்ணா சொன்ன எண்கள் சரி, ஆனா அதே அறிக்கையில மிச்சமும் இருக்கு. அந்த நேரத்துல வந்த பொருளாதார வீழ்ச்சியும் ஒரு காரணம்னு அதுலயே எழுதியிருக்காங்க. கடைசில காங்கிரசுக்கு ரெண்டு வழி சொன்னாங்க: கசாப்புப் பரிசோதனைக்குக் காச நிறுத்தினத மறுபடி யோசிங்க, இல்லாட்டி வெட்டுறதையும் அதுக்காக ஏத்துமதி பண்றதையும் சேர்த்தே தடை பண்ணுங்க. பாதிக் கதவ மூடினதுதான் அங்க சிக்கல். நீங்க அறிக்கைல ஒரு பாதியத்தான் கொண்டு வந்திருக்கீங்க.

இறைச்சின்னு பேசுறவங்க மறக்குற விஷயம் ஒண்ணு இருக்கு. ஓடுற குதிரை, சவாரிக் குதிரைக்கெல்லாம் கால் வலிக்குப் பினைல்பியூட்டசோன் குடுப்பாங்க, "பியூட்"னு சொல்லுவாங்க. உணவுக்குப் போற குதிரைக்கு அது ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் ஆகாத மருந்து. மனுஷனுக்கு எலும்பு மச்சையில இரத்தம் ஊறுறதையே நிறுத்திவிடக் கூடியது. ஐரோப்பாவுல ஒவ்வொரு குதிரைக்கும் கடவுச்சீட்டு மாதிரி ஒரு புத்தகம் இருக்கு, என்ன மருந்து போட்டாங்கன்னு பதியுறதுக்கு. அப்படி இருந்தும் 2013ல மாட்டிறைச்சின்னு வித்த பேர்கர்லயும் லசாஞ்ஞாலயும் குதிரை இறைச்சி அகப்பட்டுச்சு. இந்தக் குதிரைக்குப் புத்தகமும் இல்ல, சொந்தக்காரரும் இல்ல. குதிரை இறைச்சின்னு சொல்லி இங்க யாரும் வாங்கவும் மாட்டாங்க. அப்போ அது என்ன பேர்ல, எந்தக் கடையில தொங்கும்?

மூணாவது வழி இருக்கு. ஊசி. தூங்க வச்சு முடிக்கிறது.

பத்துக்குப்பன்னிரண்டு:
எல்லாரும் நல்லாப் பேசுறீங்க. தேயிலைத் தோட்டத்துல எங்க லயன் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதுக்குள்ள ஆறு பேர். 2021ல நாள் சம்பளம் 1,000 ரூபா ஆனதுக்கே எத்தனை வருஷம் கத்தினோம்னு தெரியும்தானே. குதிரைக்குக் கடவுச்சீட்டாம், ஊசியாம். எங்க பெரியம்மாவுக்கு சீனி வியாதி ஊசி வாங்கவே வழி இல்ல. மன்னிச்சுக்கோங்க, எனக்கு இந்தத் திரியே விளங்கல.

பழைய_கணக்கப்பிள்ளை:
தம்பி கேட்பது நியாயம். ஆனால் அதற்குப் பதில் குதிரையைப் பட்டினி போடுவதல்ல.

எங்கள் தாத்தா ஒரு துரையிடம் குதிரைக்காரராக இருந்தவர். துரை மலைக்கு வருவதே குதிரையில்தான். தாத்தா சொல்லுவார்: "லாயத்துக்கும் லயத்துக்கும் ஒரு கால்தான்டா வித்தியாசம். லாயத்துல மழை ஒழுகாது." குதிரைக்குக் கொள்ளு அளந்து போடுவார்கள். காலொடிந்தால் துரையே துவக்கை எடுத்துக்கொண்டு போவாராம், வேறு ஆளை அனுப்ப மாட்டாராம். தாத்தா அதைப் பெருமையாகச் சொன்னாரா, வயிற்றெரிச்சலில் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த வழியில் விழுந்த நம் சனத்துக்குக் குழிகூடக் கிடைக்கவில்லையே. 2023இல் அதே பாதையை நம் பிள்ளைகள் மறுபடி நடந்தபோது நான் இதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நுவரெலியாவில் 1875இலேயே குதிரை ஓடத் தொடங்கிவிட்டது. ஓட்டத்துக்குத் திடல் இருக்கிறது, கிண்ணம் இருக்கிறது, சித்திரையில் தொப்பி போட்ட கூட்டம் இருக்கிறது. ஓடி முடித்த குதிரைக்கு மட்டும் இடம் இல்லை. வெட்டலாமா கூடாதா என்பதற்கு முன்னால், அதை வைத்துச் சம்பாதித்தவர் எங்கே என்று கேளுங்கள்.

மலைமுகில்:
ஐயா சொன்னதுதான் சரி. சரி, ஒரு யோசனை. யாழ்ப்பாணத்துப் பக்கம் நெடுந்தீவுல குதிரைங்க சுதந்திரமாத் திரியுதே, இந்த மாதிரிக் குதிரைகள அங்க கொண்டுபோய் விட முடியாதா?

தீவான்:
தங்கச்சி, அந்த யோசனைய இதோட நிப்பாட்டுங்கோ. நான் நெடுந்தீவுதான். ஒல்லாந்தர் கட்டின குதிரை லாயத்தின்ர தூணுகள் எங்கட ஊரில இண்டைக்கும் நிக்குது. அவையள் போயிட்டினம், குதிரையள் நிண்டிட்டுது. நீங்கள் சொல்லுற "சுதந்திரம்" எண்டது வேற ஒண்டுமில்ல, ஆருக்கும் தேவையில்லாமல் போனதுதான். 2015இல தேசிய பூங்கா எண்டு அறிவிச்சாச்சு. ஆனா வெயில் காலத்தில குளம் குட்டை வத்தினா தண்ணியில்லாமல் செத்துக் கிடக்குங்கள். எங்களுக்கே குடிக்கிற தண்ணி பிரச்சினை. அதுகள் அந்த வெக்கைக்கும் உப்புக் காத்துக்கும் பரம்பரையாப் பழகினதுகள். குளிருக்க நிண்ட கிழட்டுக் குதிரை அங்க ஒரு மாசம் தாங்காது.

ஏரிக்கரை_குதிரைக்காரன்:
ரெண்டு நாளா வாசிச்சுக்கிட்டு இருக்கேன். எழுத வேணாம்னுதான் நெனச்சேன்.

என்கிட்ட ரெண்டு குதிரை இருக்கு, வாவிக் கரையில சவாரி விடுறேன். எங்கள ராட்சசன் மாதிரிப் பேசாதீங்க. 2019ல உயிர்த்த ஞாயிறு குண்டு, சனம் வரல. 2020ல கொரோனா, சனம் வரல. 2022ல பெட்ரோலே இல்ல, எவன் நுவரெலியாவுக்கு வருவான்? தவிட்டு விலையும் புண்ணாக்கு விலையும் ஏறின ஏத்தம் லீக்ஸ்பாத்தி அண்ணனுக்குத் தெரியும். நானும் எம்பிள்ளைகளும் ஒரு நேரம் கிழங்கு அவிச்சுத் தின்னோம். குதிரைய அவுத்து விட்டோம், புல்லு தின்னட்டும்னு. சீசன் முடிஞ்சா அவுத்து விடுறது வழக்கம், தேடிப் போய்ப் புடிச்சுக்கிட்டு வருவோம். சில பேர் தேடிப் போகல. அது தப்புதான்.

பேராதனை_மாணவி:
அண்ணா, நீங்க எழுதினது நல்லது. ஒண்ணு கேக்கலாமா? உங்க குதிரைக்கு வயசானா என்ன செய்வீங்க?

ஏரிக்கரை_குதிரைக்காரன்:
வேற ஆளுக்குக் குடுப்போம் தங்கச்சி. பாரம் கம்மியா ஏத்துறவங்க இருப்பாங்க.

பேராதனை_மாணவி:
அவங்க?

ஏரிக்கரை_குதிரைக்காரன்:
அவங்களும் குடுப்பாங்க.

நேர்வழி:
பியூட் விஷயத்துல நான் தோத்தேன், இந்தக் குதிரைய யாரும் தின்னக் கூடாது. ஒத்துக்குறேன். ஆனா மத்ததுல விடமாட்டேன். 2020 செப்டெம்பர்ல மாடு வெட்டத் தடைன்னு நம்ம அமைச்சரவை கொள்கையளவுல முடிவெடுத்துச்சே, அப்பவும் இதத்தான் கேட்டேன். கறவை நின்ன மாட்ட யாரு வச்சிருப்பா? இந்தியாவுல உத்தரப் பிரதேசத்துல பாருங்க, விக்க முடியாத மாட்ட ரோட்டுல விட்டுடுறாங்க, விவசாயி ராத்திரி முழுக்க வயல்ல காவல் கிடக்கான். தடை போடுறவன் ஒருத்தன், லீக்ஸ் பறிகொடுக்குறவன் இன்னொருத்தன்.

ஊசின்னு சொல்றது சுகம். யாரு காசு? யாரு குழி?

பேராதனை_மாணவி:
நல்ல கேள்வி, அதுக்குச் சுகமான பதில் இல்ல. பென்டோபார்பிட்டல் போட்டா அந்த உடம்பு நஞ்சு. நாயோ காக்காவோ தின்னா அதுவும் சாகும். ஆழமாப் புதைக்கணும். தோட்டக் காணி கம்பனியோடது, கேக்கணும். சரிவுல தண்ணி புடிக்கிற பீலிக்கு மேல்பக்கம் புதைக்கவே கூடாது, ஊத்துத் தண்ணி கெட்டுடும்.

சட்டத்த நம்பி இருக்காதீங்க. மிருகவதைச் சட்டம் 1907ஆம் வருஷத்தது. அதுல போட்டிருந்த தண்டப் பணம் 100 ரூபாதான். ஒரு கிலோ லீக்ஸே சில நேரம் அதவிடக் கூட விலை.

லீக்ஸ்பாத்தி:
மாட்டு டொக்டர் வந்து பார்த்தாரு. கடைவாய்ப் பல்லு தேஞ்சு போச்சாம், 25க்கு மேல இருக்கும்னாரு. புல்ல மெல்ல முடியாம உருண்டையாத் துப்புது. லீக்ஸ் மெதுவா இருக்குறதால அதத் தின்னிருக்கு, பாவம். இப்ப கரட்டத் துருவிப் போடுறோம். குளம்புக்குள்ள எலும்பே திரும்பிடுச்சாம், இனி வெட்டினாலும் வலி போகாதாம். வீட்டுக்காரி ஊசிக்கும் ஒத்துக்கல, இறைச்சிக்கும் ஒத்துக்கல. டொக்டர் அதோட கால்ல கை வச்சப்போ அது நடுங்கினதப் பார்த்துட்டு உள்ள போயிட்டா. அப்புறம் வந்து "சரி"ன்னா.

ஏரிக்கரை_குதிரைக்காரன்:
அண்ணே, நெத்தியில வெள்ளைச் சுட்டி இருக்கா? இடது காது நுனியில சின்னதா ஒரு வெட்டு?

லீக்ஸ்பாத்தி:
இருக்கு.

பத்துக்குப்பன்னிரண்டு:
அடடா.

ஏரிக்கரை_குதிரைக்காரன்:
எங்கப்பா வாங்கினது. 2020ல ராகலைப் பக்கம் ஒருத்தருக்குக் குடுத்தேன். டொக்டர் காசு நான் தாறேன். நாளைக்கு வாறேன்.

மலைமுகில்:
வந்தாரா அண்ணே?

லீக்ஸ்பாத்தி:
வந்தாரு. ஒரு மணி நேரம் வேலிக்கிட்ட நின்னாரு, எங்ககிட்ட ஒண்ணும் பேசல. சனிக்கிழமை காலையில டொக்டர் வாறாரு. பீலிக்குக் கீழ்ப்பக்கம் கிழங்கு போடாத துண்டு ஒண்ணு நம்ம சொந்தக் காணி, அங்கதான். ஆறடி வெட்டணும், கீழ கல்லு. குதிரைக்காரர் ரெண்டு பேரோட வாறாரு. எங்ககிட்ட மண்வெட்டி நாலு இருக்கு, அலவாங்கு இல்ல. உள்ளவங்க கொண்டு வாங்க. தேத்தண்ணி இருக்கும், சீனி போட்டு.

நேர்வழி:
அலவாங்கு என்கிட்ட இருக்கு. ஏழு மணிக்கு வந்தா சரியா? நான் சொன்னத ஒண்ணும் வாபஸ் வாங்கல.

பத்துக்குப்பன்னிரண்டு:
எத்தனை பேருக்கு வேல இருக்கு? நானும் வாறேன். சனிக்கிழமை எனக்கு லீவுதான்.