தைமஸுக்குள்ள செல் ஏன் விளிம்பு வரை போயிட்டு நடுவுக்கு வருது?

திருமங்கலம் விலங்கியல்:
எம்.எஸ்சி. படிக்கிறேன். எலும்பு மஜ்ஜையிலிருந்து வர்ற முன்னோடி செல், நெஞ்செலும்புக்குப் பின்னாடி இருக்கிற தைமஸ் சுரப்பியில புறணியும் (வெளிப்பகுதி) அகணியும் (உட்பகுதி) சந்திக்கிற இடத்துல இறங்குது. அங்கிருந்து வெளி விளிம்பு வரை போய் மறுபடி உள்ள வருது. இறங்கின இடத்துலயே முதிர்ந்தா என்ன? வகுப்புல படம் வரைஞ்சாங்க, காரணம் சொல்லலை.

ஆரப்பாளையம் வாத்தியார்:
அருமையான கேள்விம்மா. மதுரையில கோயிலைச் சுத்தி அடுக்கடுக்கா இருக்கிற வீதிகளையே எடுத்துக்கோ. ஆவணி மூல வீதியில ரத்தக்குழாயை விட்டு இறங்குற செல், மாசி வீதி தாண்டி வெளி வீதி வரை போகுது. அப்புறம் சித்திரை வீதிக்கு உள்ள வருது. வீதிக்கு வீதி எபிதீலியச் செல்கள் (தைமஸோட சட்டகமா இருக்கிற செல்கள்) வேற, அதுங்க கொடுக்கிற சமிக்ஞையும் வேற.

வெளியே போற வழியில நாட்ச்ங்கிற ஏற்பி வழியா சமிக்ஞை கிடைச்சு, டி செல்லாகறது (நோய் எதிர்ப்பு வெள்ளை அணுவில் ஒரு வகை) உறுதியாகுது. அப்போ சிடி4, சிடி8ங்கிற மேற்பரப்புப் புரதங்கள் ரெண்டுமே கிடையாது. டி செல் ஏற்பியோட (இலக்கை அடையாளம் காணுற புரதம்) பீட்டா சங்கிலி ஒழுங்கா அமைஞ்சாதான் செல் பெருகும். பிறகு சிடி4, சிடி8 ரெண்டையும் ஏந்திக்கிட்டு புறணியை நிரப்பும். அங்க சொந்த எம்எச்சி மூலக்கூறை (புரதத் துண்டுகளை ஏந்திக் காட்டுறது) லேசாவாவது பிடிக்கணும். பிடிக்காதது மூணு நாலு நாள்ல செத்துடும். பெரும்பாலானதுக்கு முடிவு இங்கதான். பிடிச்ச செல்லுல சிசிஆர்7 ஏற்பி கூடும். அகணி சிசிஎல்21ங்கிற ஈர்ப்புப் புரதத்தைச் சுரக்குது, அது இழுக்க உள்ள வருது. தேறினா ஏற்பி மாறும், ஏற்பி மாறினா இடம் மாறும். இந்த வரிசையைப் பிடிச்சுக்கோ.

திருநகர் லேப்:
தங்கச்சி, முடிஞ்சா குழந்தை தைமஸ் ஸ்லைடு ஒண்ணு கேட்டு வாங்கிப் பாரு. செல்கள் நெருக்கியடிச்சு இருக்கிறதால புறணி கருநீலமா தெரியும். அகணி வெளுத்திருக்கும், அதுல எபிதீலியச் செல்கள் சுருண்டு அடுக்கின ஹாசல் உருண்டைகள் இருக்கும். வயசானவங்க ஸ்லைடுல பாதிக்கு மேல கொழுப்புதான். ஸ்லைடு காட்டாம இந்தப் பாடத்தை நடத்தவே கூடாதுங்கிறது என் கருத்து.

திருமங்கலம் விலங்கியல்:
நன்றி சார், நன்றிக்கா. இன்னொண்ணு. இன்சுலின் கணையத்துல உருவாகிறது. அதைத் தாக்குற செல்லை தைமஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்?

ஆரப்பாளையம் வாத்தியார்:
அகணி எபிதீலியச் செல்கள்ல ஐர்னு ஒரு மரபணு வேலை செய்யுது, 1997ல அடையாளம் கண்டாங்க. மத்த உறுப்புகளோட புரதங்களை, இன்சுலின் உட்பட, அங்கேயே கொஞ்சம் உருவாக்க வைக்கும். அதை இறுகப் பிடிக்கிற செல் சாகும், சிலது ஒழுங்குபடுத்தும் டி செல்லா மாறும். ஐர் பழுதான பிள்ளைகளுக்கு பாராதைராய்டு, அட்ரினல் சுரப்பிகளை சொந்த டி செல்லே தாக்குது. ரொம்பக் கொடுமையான நோய்.

அகணியில தங்குறது நாலஞ்சு நாள், எலியில பார்த்த கணக்கு. கடைசியா எஸ்1பி1 ஏற்பி கூடும். அது பிடிக்கிற எஸ்1பிங்கிற கொழுப்பு மூலக்கூறு ரத்தத்துல அதிகம், அதை நோக்கி வெளியேறும். அந்த ஏற்பி இல்லாத எலியில முதிர்ந்த செல்கள் தைமஸுக்குள்ளயே தேங்கிடுது.