பள்ளிக்குப் பின்னால் நிற்கும் மேடு: கருவி முதலிலா, வடிகால் முதலிலா?

குன்னூர்ப் பொறியாளர்:
நீலகிரியின் பள்ளிகளில் பல, சரிவை வெட்டிச் சமன் செய்த இடத்தில் நிற்கின்றன. பின்னால் வெட்டிய மேடு, முன்னால் கொட்டிய மண். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் மண்சரிவில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகும், அந்த மேடுகளைக் கண்ணால் பார்த்தே நம்பிக்கொண்டிருக்கிறோம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை மழைக்காலத்தில் நம் மாவட்டத்துக்கு வெளியிடும் முன்னறிவிப்பு பரந்த பகுதிக்கானது. ஒரு பள்ளியின் மேடு இறங்குமா என்பதை அது சொல்லாது. ஆகவே ஒவ்வொரு பள்ளியிலும் மழைமானி, சாய்வுமானி, மண்ணுக்குள் நீரழுத்தம் அளக்கும் கருவி ஆகியவற்றை வைக்க வேண்டும்.

கோத்தகிரி ஆசிரியை:
ஐயா, மேட்டை இறக்குவது நீர்தான் என்பது தாங்கள் அறியாததல்ல. நான் முன்பு வேலை பார்த்த பள்ளியில், தடுப்புச்சுவரின் நீர்க்கசிவுத் துளைகளைப் பூச்சு வேலையின்போது சிமெண்டால் அடைத்துவிட்டார்கள். தகரக் கூரையின் தண்ணீரும் சுவருக்குப் பின்னால்தான் விழுந்தது. சுவர் வயிறு தள்ளிய பிறகு கொத்தனார் ஒருவர் கம்பியால் துளைகளைக் குத்தித் திறந்தார், இரண்டு நாள் செம்மண் தண்ணீர் வடிந்தது. அந்தச் சுவரைக் காப்பாற்றியது அந்தக் கம்பிதான்.

குன்னூர்ப் பொறியாளர்:
அதை மறுக்கவில்லை, டீச்சர். ஆனால் அந்தத் துளை அடுத்த ஆண்டு மறுபடி அடைபட்டால் சுவர் தள்ளும்வரை யாருக்கும் தெரியாது. நீரழுத்தக் கருவி அதை முன்பே காட்டிவிடும். மூணாறில் அமிர்தா பல்கலைக்கழகத்தினர் இத்தகைய கருவிகளைச் சரிவில் புதைத்துப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள்.

கொடைக்கானல் பெற்றோர்:
இருவரும் வகுப்பு நேரத்தை மட்டுமே நினைக்கிறீர்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மண் இறங்கியது நள்ளிரவு கடந்த நேரத்தில். வெள்ளார்மலைப் பள்ளி சிதைந்தபோது வகுப்பறையில் பிள்ளைகள் இல்லை. ஆனால் கனமழை என்றால் மலைப்பகுதியில் பள்ளிக்கூடமே நிவாரண முகாம். ஆட்சியர் விடுமுறை அறிவித்த அதே நாளில், வீட்டை விட்டு வந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் படுத்திருப்பார்கள்.

கோத்தகிரி ஆசிரியை:
இதை நான் யோசிக்கவில்லை. என் கவலை இப்போது கூடிவிட்டது. மின்சாரமும் கைப்பேசிச் சிக்னலும் போன இரவில், முகாமில் இருக்கும் சமையல்காரம்மாவுக்குக் கருவி காட்டும் எண் புரியாது. ஊர் முழுவதும் கேட்கும் சங்கொலியும், அது ஒலித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்ற பழக்கமும் வேண்டும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, எங்கள் கிழக்குச் சரிவை அதிகம் நனைக்கும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை, அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

குன்னூர்ப் பொறியாளர்:
சூரிய மின்கலமும் கைப்பேசிக் கோபுரத்தை நம்பாத வானொலி இணைப்பும் அந்தச் சங்கை ஒலிக்க வைக்கும். எனக்கு வேறொரு ஆதங்கமும் உண்டு. இந்த மாவட்டத்தின் சாலையோரச் சரிவுகளில் கம்பிகளைத் துளையிட்டுச் செருகி, சிமெண்ட் பால் செலுத்தி, வலை விரித்துப் புல் விதை தெளிக்கும் வேலையை நெடுஞ்சாலைத் துறை செய்திருக்கிறது. சாலைக்குச் செய்வதைப் பள்ளிக்கும் செய்யலாமே.

கோத்தகிரி ஆசிரியை:
தாராளமாகச் செய்யட்டும், ஐயா. ஆனால் உள்ளே தேங்கும் நீருக்கு வழி விடாமல் அடித்த கம்பியை நான் நம்ப மாட்டேன். இந்தக் கோடை விடுமுறையில் ஒரு வேலைக்குத்தான் பணம் உண்டு என்றால், கூரை நீரைக் குழாய் வழியே ஓடைக்குக் கொண்டுபோவதும் அடைபட்ட துளைகளைத் திறப்பதும்தான் என்று எழுதிக் கொடுப்பேன்; கருவிக்கான விண்ணப்பம் அதற்கு அடுத்த தாளில் இருக்கும்.