தனியாக ஆடும் கேமுக்கும் நெட் கேட்கிறது, ஆஃப்லைன் மோடு போட்டும் ஓடவில்லை: உதவி வேண்டும்

எஸ்டேட்_பையன்:

வணக்கம். நான் இருப்பது வால்பாறைப் பக்கம், எஸ்டேட் குடியிருப்பில். மழை பிடித்தால் ஏதாவது ஒரு மரம் சாய்ந்து ஃபைபரை அறுத்துவிடும். ஆள் வந்து ஒட்டக் குறைந்தது இரண்டு நாள். செல்ஃபோன் சிக்னல் வீட்டுக்குள் ஒரு புள்ளி, ஜன்னல் ஓரம் இரண்டு. இதைத் தெரிந்துதான் தனியாக ஆடும் கேம்களாகப் பார்த்து வாங்குகிறேன். அதிலும் இரண்டில் தகராறு.

முதலாவது, தள்ளுபடியில் வாங்கிய கார் ரேஸ். பெயர் போட்டால் இழை சண்டைக்குப் போய்விடும், வேண்டாம். நான் யாரோடும் மோதவில்லை, கம்ப்யூட்டர் ஓட்டும் வண்டிகளோடு மட்டும்தான். ஆனால் நெட் போனதும் முதலில் முன்னால் போகிற வண்டிகள் மறைகின்றன. காலியான ரோட்டில் கொஞ்ச தூரம் நான் மட்டும் ஓட்டிக்கொண்டிருப்பேன். மூலையில் ஒரு சின்ன வட்டம் சுற்றும். அப்புறம் 'சர்வர் தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்று முகப்புக்குத் தூக்கிப் போட்டுவிடும். நேற்று ராத்திரி நாற்பது நிமிஷ ஆட்டம் போச்சு.

இரண்டாவது, ஒரு பழைய வாள்சண்டைக் கதை கேம். போன வருஷம் வரை நெட் இல்லாமலே ஓடியது. இப்போது சில நாள் காலையில் திறந்தால் 'லைசன்ஸைச் சரிபார்க்க முடியவில்லை' என்கிறது. ஹாட்ஸ்பாட் போட்டாலும் லாக்இன் ஆவதில்லை. சில நாள் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

கேம் வாங்கிய ஆன்லைன் கடையான ஸ்டீமில் ஆஃப்லைன் மோடு போட்டாயிற்று. ஃபைல் சரிபார்த்தாயிற்று. ஃபயர்வாலை அணைத்தும் பார்த்தாயிற்று. அழித்துவிட்டு மறுபடி இறக்கச் சொல்லாதீர்கள், 60 ஜிபி, இந்த நெட்டில் மூன்று ராத்திரி.

டர்போ_தளபதி:

ப்ரோ, சிம்பிள். நல்ல கனெக்ஷனாக மாற்றுங்கள். இந்தக் காலத்தில் யாரிடம் நெட் இல்லை?

எஸ்டேட்_பையன்:

என்னிடம் இல்லை. அதைத்தான் மேலே நாலு பத்தி எழுதியிருக்கிறேன்.

பழைய_சிடி:

தளபதி சொன்னதை 2013-லேயே ஒருவர் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். எக்ஸ்பாக்ஸ் ஒன் என்ற கேம் பெட்டி (கன்சோல்) 24 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. நெட் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டதற்கு அந்தப் பிரிவின் தலைவர் டான் மேட்ரிக், அவர்களுக்கு எங்களிடம் எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறது என்றார். பழசை வைத்து ஆடிக்கொள் என்று அர்த்தம். கிளம்பிய எதிர்ப்பில், மே மாதம் அறிமுகமான பெட்டியின் கட்டுப்பாட்டை ஜூன் 19-ஆம் தேதியே வாபஸ் வாங்கினார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன் தம்பி. இரண்டு கேமும் ஒரே நோய் இல்லை. கதை கேமில் பூட்டு வாசலில் இருக்கிறது. திறக்கும்போது நீங்கள் வாங்கினவர்தானா என்று பார்க்கும், ஒரு தடவை பார்த்துவிட்டால் கொஞ்ச நாளைக்குத் தொந்தரவு இருக்காது. கார் ரேஸில் வாசல் மட்டுமில்லை, வீட்டின் பாதியே அவர்கள் சர்வரில் இருக்கிறது. எதிர் வண்டிகள், காசு, சேவ் (சேமித்து வைத்த ஆட்டம்) எல்லாம் அங்கே. நெட் போனதும் வண்டிகள் முதலில் மறைகின்றன என்றீர்களே, அதுதான் அடையாளம். வெறும் லைசன்ஸ் பரிசோதனையாக இருந்தால் நடு ரேஸில் வண்டி மறையாது.

இன்னொன்று, ஸ்டீமில் ஆஃப்லைன் போட்டால் ஸ்டீம் மட்டும்தான் ஆஃப்லைன். பெரிய கம்பெனிகள் பலவும் அதற்கு மேல் தங்கள் சொந்த லாஞ்சரை (கேமைத் திறக்கும் மென்பொருளை) ஏற்றி வைக்கின்றன, அதற்குத் தனி லாக்இன், தனி ஆஃப்லைன் பொத்தான். நெட் இருக்கும்போதே ஸ்டீம், லாஞ்சர் இரண்டிலும் நுழைந்து, கடவுச்சொல்லை நினைவில் வைக்கச் சொல்லி, அப்டேட் முழுக்க முடிந்தபின் கேமை ஒரு தடவை திறந்து மூடுங்கள். பிறகு ரவுட்டரைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பாருங்கள். கதை கேமில் இதைச் செய்தீர்களா?

எஸ்டேட்_பையன்:

செய்தேன் அண்ணா. ரவுட்டரைப் பிடுங்கியும் ஓடுகிறது. ராத்திரி படுக்கும்போது மெயினை அணைத்துவிட்டுப் படுப்பேன் (இடி பயம், ஏற்கெனவே ஒரு டிவி போயிருக்கிறது). காலையில் திறந்தால் பழைய குருடி கதவைத் திறடி.

எலி_மின்சாரம்:

நடுவில் ஒரு கேள்வி. மெயினை அணைத்துப் போட்ட மறுநாள், நெட் வருவதற்கு முன், திரையின் வலது கீழ் மூலையில் தேதி என்ன காட்டுகிறது?

எஸ்டேட்_பையன்:

இப்போதுதான் அணைத்துப் போட்டுப் பார்த்தேன். 2018 ஜனவரி 1, நள்ளிரவு 12:03. எப்போதும் இப்படித்தான் வரும். நெட் வந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று கண்டுகொள்வதில்லை.

எலி_மின்சாரம்:

கிடைத்துவிட்டது. மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு அளவில் ஒரு வட்ட பேட்டரி இருக்கும், சிஆர்2032. கரண்டு இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்திருக்கிறது. மெயினை அணைத்ததும் கம்ப்யூட்டர் 2018-க்குப் போய்விடுகிறது. கேமிடம் இருக்கிற லைசன்ஸ் சீட்டு இந்த வருஷத்தது. தேதி முன்னுக்குப் பின் முரணாக இருந்தால், யாரோ கடிகாரத்தைத் திருப்பி ஏமாற்றுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு புதுச் சீட்டு கேட்கிறது.

ஹாட்ஸ்பாட்டில் லாக்இன் ஆகாததும் இதனால்தான் இருக்கும். பாதுகாப்பான இணைப்பில் சர்வரின் சான்றிதழ் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று கம்ப்யூட்டர் பார்க்கும். உங்கள் கம்ப்யூட்டரின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. விண்டோஸ் தேதியைச் சரி செய்துகொண்ட பிறகு எல்லாம் ஓடும், அதற்கு முன் திறந்தால் ஓடாது. அதனால்தான் சில நாள் வேலை செய்து சில நாள் முரண்டு.

வாட்ச் கடையில் கிடைக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஓரத்துக் கிளிப்பை நகத்தால் தள்ளினால் எம்பி வரும். எழுத்து இருக்கிற பக்கம் மேலே. பிறகு பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அடிப்படை செட்டிங்கில்) தேதி, நேரத்தை ஒரு தடவை போட்டுவிடுங்கள்.

டர்போ_தளபதி:

அடடா, என் வீட்டுப் பழைய பெட்டியும் 2018-தான் காட்டுகிறது. ப்ரோ, முதலில் சொன்னதற்கு சாரி.

எஸ்டேட்_பையன்:

டவுனில் 40 ரூபாய். போட்டு இரண்டு ராத்திரி ஆகிவிட்டது. ரவுட்டர் இல்லாமல், ஹாட்ஸ்பாட் இல்லாமல் கதை கேம் திறக்கிறது. எலி அண்ணா, கோடி நன்றி.

கார் ரேஸ்தான் பாக்கி. பொள்ளாச்சிச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவை வாசலில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் ஒரு வளைவு ஓட்ட எவனோ சர்வரிடம் அனுமதி கேட்டு உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு வழியே இல்லையா?

பழைய_சிடி:

உங்கள் பக்கத்தில் செய்ய ஒன்றுமில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கிராக் (பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி) பற்றி யாரும் இங்கே எழுதவேண்டாம், அதில் வரும் வைரஸுக்கு இன்னொரு இழை திறக்க வேண்டியிருக்கும். கம்பெனி மனது வைத்துப் பேட்ச் (கேமைத் திருத்தும் அப்டேட்) விட்டால் உண்டு.

'தொழில்நுட்ப ரீதியாக முடியாது' என்பார்கள், அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. நகரம் கட்டும் கேமான சிம்சிட்டி 2013 மார்ச்சில் வந்தபோது காசு கொடுத்தவர்களே நாள்கணக்கில் சர்வர் வரிசையில் நின்றார்கள். நகரத்தின் கணக்குகளில் பெரும்பங்கு சர்வரில்தான் நடக்கிறது, ஆஃப்லைன் ஆக்குவது லேசில்லை என்றது அதை உருவாக்கிய மேக்ஸிஸ். சில நாளிலேயே ஒருவர் கேமின் நிரலைக் கொஞ்சம் மாற்றி நெட் இல்லாமல் ஊரை ஓட்டிக் காட்டினார். ஒரு வருஷம் கழித்து, 2014 மார்ச்சில், அவர்களே ஆஃப்லைன் பேட்ச் விட்டார்கள். டயாப்லோ 3 கதையும் இதே ஜாதி. 2012-ல் கம்ப்யூட்டரில் வந்தபோது நெட் கட்டாயம், முதல் நாளே 'எரர் 37' என்று வாசலிலேயே நிறுத்தியது. மறு வருஷம் கன்சோலுக்கு வந்தபோது நெட் தேவைப்படவில்லை.

வாடகை_வீடு:

கார் ரேஸ் என்றதும் வயிறு கலங்குகிறது. நான் த க்ரூ வாங்கி வைத்திருந்தவன். யுபிசாஃப்ட் 2014-ல் வெளியிட்டது, தனியாக ஆடினாலும் நெட் வேண்டும். 2024 மார்ச் 31-ஆம் தேதி சர்வரை மூடினார்கள், அதோடு கேமும் போச்சு. டிஸ்க்காக வாங்கியவர்களுக்கும் அதே கதிதான்.

அந்த எரிச்சலில்தான் ராஸ் ஸ்காட் என்பவர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். சர்வரை எப்போதும் ஓட்டிக்கொண்டே இரு என்று அவர்கள் கேட்கவில்லை. மூடும்போது ஆடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போ என்கிறார்கள், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் போட்ட மனுவுக்கு 2025 ஜூலைக்குள் தேவைப்பட்ட 10 லட்சம் கையெழுத்தையும் தாண்டியது.

முடியாதது ஒன்றுமில்லை. கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்டின் சர்வரை சோனி 2024 ஜனவரியில் நிறுத்தியபோது, சேவ் எல்லாம் ஆஃப்லைனில் ஓடும்படி பேட்ச் கொடுத்துவிட்டுத்தான் நிறுத்தியது. த க்ரூ 2-க்கும் அப்புறம் ஆஃப்லைன் வழி வந்தது. முதல் பாகத்துக்காரன் கொடுத்து வைக்கவில்லை.

எலி_மின்சாரம்:

பணத்தைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். ஸ்டீம் விதிப்படி வாங்கி 14 நாளுக்குள், ஆட்டம் 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டியிருந்தாலும் காரணம் எழுதிக் கேட்கலாம், பார்ப்பார்கள். அடுத்த தடவை வாங்கும்முன் கடைப் பக்கத்தின் வலது ஓரத்தைப் படியுங்கள். தனி அக்கவுண்ட் வேண்டும், இணையம் வேண்டும் என்று பொடி எழுத்தில் அங்கேதான் போட்டிருப்பார்கள். முடிந்தால் ஜிஓஜி என்ற இன்னொரு கேம் கடையில் தேடுங்கள். பெரும்பாலும் இன்ஸ்டாலரையே இறக்கிப் பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

எஸ்டேட்_பையன்:

என் கணக்கில் 11 மணி நேரம் ஓடியிருக்கிறது. அதில் பாதி அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்தது. இருந்தாலும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

தலைப்பில் 'பாதி தீர்ந்தது' என்று மாற்றச் சொல்லி நிர்வாகியிடம் கேட்டிருக்கிறேன். நேற்று ராத்திரியிலிருந்து மழை, ஃபைபர் மறுபடி அறுந்துவிட்டது. இதைப் பஸ் ஸ்டாண்டில் நின்று ஃபோனில் போடுகிறேன். வீட்டுக்குப் போய் வாள்சண்டையைத் தொடர வேண்டும்.